வெங்காயத் தோட்டக்காரன் வாசித்த கடிதம்

1

கனடா அரசாங்கத்தின் கோப்பில் நான் ஒரு வெங்காயச் செய்கையாளன். இருபது வயதிலிருந்து இருபத்தாறு வயதுவரை சுன்னாகத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டு, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறி, பிடுங்கி, பிடி பிடியாகக் கட்டி, லொறியில் ஏற்றியவன். பதிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த ஆறு வருடமும் நான் மொஸ்கோவில் புலமைப்பரிசிலில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பது இந்தக் கோடைவரை ரொறன்ரோவில் மூன்றே பேருக்குத்தான் தெரிந்திருந்தது: எனக்கு, என் மனைவி சுகந்திக்கு, என் அகதிக் கேஸை எழுதித் தந்த அண்ணைக்கு.

அந்த அண்ணை ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து கேஸ் எழுதுபவர். வந்து இறங்கிய கிழமை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, மொஸ்கோ எண்ட சொல்லை இஞ்சை வாயாலை எடுக்கக்கூடாது. கொம்யூனிஸ்ட் எண்டு தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள்."

"அப்ப அந்த ஆறு வருசத்தையும் என்ன செய்யிறது அண்ணை?"

"மாமன்ரை தோட்டத்துக்குள்ள விடு. தோட்டக்காரனிலை ஆரும் சந்தேகப்படமாட்டாங்கள்."

மாமனாருக்கு உண்மையாகவே வெங்காயத் தோட்டம் இருந்தது. வெங்காயத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு, சுகந்தி உரிக்கும்போது பக்கத்தில் நின்று நானும் அழுவது. விசாரணையில் அதிகாரி கேட்டார்: "நட்டு எத்தனை நாளில் பிடுங்குவீர்கள்?" எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மழையைப் பொறுத்தது, சேர்" என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். இவ்வளவு அனுபவசாலியை அவர் கண்டிருக்கமாட்டார்.

கேஸ் வென்றது. ஆனால் நிரந்தரமாக இருப்பதற்கான கடதாசி இன்னும் வரவில்லை. பாதுகாப்புச் சோதனை நடக்கிறதாம், நாலு வருடமாக. ஊரிலிருந்து எழுதுபவர்கள் "அங்கே பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று கேட்கிறீர்கள். ஓம், குண்டு விழாது. தபால் விழும். கதவுத் துவாரத்தால் மண்ணிற உறை ஒன்று விழுகிற சத்தத்துக்கு நான் எழும்புகிற மாதிரி அங்கே ஷெல்லுக்குக்கூட எழும்பியதில்லை.

இதை என் பெயர் போடாமல் அச்சிடும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பழகியவர்கள் நடையை வைத்துப் பிடித்துவிடுவீர்கள். குடிவரவுக் கந்தோரில் தமிழ் நடை ஆராய்கிறவர்கள் இல்லை என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன்.

2

நாங்கள் இருக்கிற பேஸ்மென்றுக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம். வீட்டின் மேல்தட்டில் சொந்தக்காரர் ஹைனோ தனியே இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. ஆறடி உயரம், வெள்ளைப் புருவம். சிரித்தால் அன்றைக்குக் காலநிலை அறிக்கையில் சொல்லவேண்டும்.

ஹைனோ எஸ்தோனியாக்காரர். அப்படி ஒரு நாடு இருக்கிறதென்று நீங்கள் அறிந்திருக்காவிட்டால் வெட்கப்படவேண்டாம். அதைப் பல வருடங்கள் வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். ரஷ்யாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிகச் சின்ன நாடு. சோவியத் யூனியன் அதை விழுங்கி வைத்திருந்தது. உலகப்போர் முடியும் தறுவாயில் சோவியத் படை இரண்டாம் தரம் வந்தபோது பதினெட்டு வயது ஹைனோ மீன்பிடிப் படகொன்றில் ஏறி சுவீடனுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தார். தாயார் ஊரிலேயே இருந்துவிட்டார். வீட்டை அரசு எடுத்தது. தாயாரும் அங்கேயே இறந்துபோனார். இப்போது யூனியன் உடைந்து, எஸ்தோனியா மீண்டும் நாடாகி, பழைய வீடுகளைப் பழைய சொந்தக்காரருக்குக் கொடுக்கிறார்கள். ஹைனோவுக்கும் தார்த்து என்ற ஊரில் இருந்த அவருடைய மரவீடு கிடைத்திருந்தது.

வாடகைக்கு வந்த அன்று படிவத்தில் "முந்தைய தொழில்" என்ற இடத்தில் வெங்காயத்தைத்தான் எழுதினேன். பொய் சொல்வதென்றால் எல்லா இடத்திலும் ஒரே பொய்யாக இருக்கவேண்டும் என்பது கேஸ் அண்ணையின் உபதேசம். விளைவு, ஹைனோ பின்வளவில் ஒரு பாத்தியை எனக்கென்று ஒதுக்கினார். மூன்று கோடையாக அங்கே என் வெங்காயம் இலையாக மட்டும் வளர்கிறது. "மண் வேறை" என்று நான் விளக்கம் சொல்வேன். "ஓம், மண் வேறை" என்று அவரும் மரியாதையோடு ஒத்துக்கொள்வார். (அவர் பேசுவது ஆங்கிலம். என் மொழிபெயர்ப்பில் அவர் யாழ்ப்பாணத்தாராகிவிடுகிறார். என் மொழிபெயர்ப்பின் நேர்மை எப்படிப்பட்டதென்று போகப்போக நீங்களே தீர்மானியுங்கள்.)

எங்கள் மகள் மதுவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாங்கள் வேலையால் திரும்பும்வரை மேலேதான் இருப்பாள். ஏதும் கொடுத்தால் "ஐத்தா" என்கிறாள். எஸ்தோனிய மொழியில் நன்றியாம். என் பிள்ளைக்கு நன்றி சொல்ல மூன்று மொழி இருக்கிறது. அதில் தமிழ் மூன்றாவது.

3

ஹைனோவுக்கு என்னில் ஒரு பாசம் வந்ததற்குக் காரணம் வெங்காயம் அல்ல.

"எங்களைப்போல சின்ன நாட்டுக்காரர் ஒண்டா நிக்கவேணும்" என்பார். "உனக்குப் பக்கத்திலை யானை. எனக்குப் பக்கத்திலை கரடி. பெரியவன்ரை மூச்சுக்காத்து எங்கடை பிடரியிலை படுறது எங்களுக்குத்தான் தெரியும்."

நான் தலையாட்டுவேன். வாடகைக்கு இருப்பவனின் கழுத்து அப்படி அமைந்தது. ஹைனோ என்னை இலங்கை என்று நினைத்தார். நான் இலங்கையில் யார் என்பது அவருக்குத் தெரியாது.

அவருடைய ஊர்க்கதையில் எனக்கு ஒரு பாத்திரம் இருக்கிறதென்றால் அது ஹைனோ அல்ல. அவருடைய நாட்டில் தங்கிவிட்ட ரஷ்யர்கள் இருக்கிறார்களே, மொழிச் சோதனை எழுதினால்தான் குடியுரிமை என்று வரிசையில் நிற்பவர்கள், "பெரியவன் எங்களைக் காப்பாற்ற வருவான்" என்று அயலவர்கள் சந்தேகிக்கிற அந்தச் சனம், அவர்கள்தான் நான். கொழும்பில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் என்னை மட்டும் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் கடலுக்கு அப்பால் கோடிக்கணக்கில் நிற்கிறவர்களையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். ஒல்லியான என்னைக் கண்டு யாராவது பயந்தார்கள் என்றால் அந்தப் பெருமை முழுவதும் இந்தியாவுக்கே.

அந்தப் பெரிய நாட்டின் விமானங்கள் ஒருநாள் எங்கள் தலைக்குமேல் வந்து உணவுப் பொட்டலங்கள் போட்டன. நான் கூரையில் ஏறிக் கை காட்டினேன். காட்டிய வேகத்தில் இரண்டு ஓடு உடைந்தது. எங்களுக்கு ஆள் வந்துவிட்டது என்று ஒழுங்கை முழுவதும் கூத்தாடியது. பிறகு படையும் வந்தது. மாலை போட்டோம். சில மாதங்களில் அவர்களுக்கும் எங்கள் இயக்கத்துக்கும் சண்டை மூண்டு, மாலை போட்டவர்கள் எல்லாரும் கோயில் மண்டபத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தோம்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் அந்தப் படையின் காவலரண் ஒன்று. அதில் நின்ற ஒரு சிப்பாய் ஒருநாள் என்னை மறித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினான். முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சின்னப் பெட்டை, அவன் மகள். நான் சிரித்தேன். படத்தைப் பார்த்துத்தான். ஆனால் ஒழுங்கையில் நின்று பார்ப்பவருக்குப் படம் தெரியாது. சிப்பாயும் நானும் சிரிப்பதுதான் தெரியும்.

பெரிய நாட்டின் படை ஒருநாள் கப்பலேறிப் போய்விட்டது. அது இருந்தபோது பட்ட பயத்தைவிட, போன பிறகு வந்த பயம் பெரிது. யார் அவர்களோடு கதைத்தது, யார் தேத்தண்ணி கொடுத்தது, யார் சிரித்தது என்று இயக்கத்தார் ஊருக்குள் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு வருடம் அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு திரிந்தேன். விசாரணைக்கென்று கூட்டிப்போன சிலர் திரும்பி வரவில்லை. நான் கனடா வந்தது அந்த ஒரு சிரிப்பால்தான். கேஸில் அதுவும் இல்லை. "சிரிச்சதெல்லாம் ஒரு காரணமோ தம்பி?" என்று அண்ணை வெட்டிவிட்டார்.

4

இந்தக் கோடை முழுவதும் ஹைனோவின் ரி.வி.யில் கரடி உறுமியது. எஸ்தோனியாவில் எங்கள் ஆட்களை நெருக்குகிறார்கள், நாங்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டோம் என்று மொஸ்கோவில் ஒருவர் பேசுவார். மேலே ஹைனோ கத்துவார். சூடு வருகிற குழாய் வழியாக எங்கள் பேஸ்மென்றுக்கு அந்தக் கத்தல் வரும். சூடுதான் சிலவேளை வராது.

அவர் ரஷ்ய மொழியை எவ்வளவு வெறுத்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பதினைந்து வருடமாகப் பாண் வாங்கிய கடையில் புதிதாக வேலைக்கு வந்த பெண் தொலைபேசியில் ரஷ்யன் பேசியதைக் கேட்டுவிட்டு, பாணை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு இரண்டு பஸ் மாறிப் போய் வேறு கடையில் வாங்குகிறார்.

அப்படிப்பட்டவருக்குக் கீழே, ரஷ்ய மொழியில் ஆறு வருடம் சாப்பிட்டு, பரீட்சை எழுதி, காய்ச்சலில் புலம்பிய ஒருவன் படுத்திருக்கிறான். எனக்குப் பயம் வந்தால் ரஷ்யனில்தான் எண்ணுவேன். சுகந்தி என் வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"என்னப்பா, சொண்டு அசையுது. நிப்பாட்டுங்கோ."

"சத்தம் வரேல்லையே."

"வரேக்கை தெரியும். ஒரு ஃபோன் போதும் அந்தாளுக்கு. வீடும் போய், கடதாசியும் போய், பிள்ளையும் நாங்களும் பெட்டியோடை எயாப்போட்டிலை நிப்பம்."

அவள் மிகைப்படுத்தவில்லை. பொய் சொல்லி அகதியானவன் என்று ஒருவர் அறிவித்தால் கோப்பை மீண்டும் திறப்பார்கள். திறந்தால் உள்ளே வெங்காயம் அழுகிக் கிடக்கும்.

5

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஹைனோ படியால் இறங்கி வந்தார். கையில் ஒரு கடிதம். முகம் சிவந்திருந்தது.

"பார் இதை" என்று என் மூக்குக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். "என்ரை வீட்டு மேல்மாடியிலை இருக்கிற ரஷ்யக்காரி. முப்பது வருசமா என்ரை அம்மாவின்ரை வீட்டிலை இருந்துகொண்டு, எனக்கு எழுதுறாள், அவளின்ரை பாசையிலை! எங்கடை எஸ்தோனியச் சங்கத்திலை ஆரையும் வாசிக்கச் சொல்லிக் கேக்கவும் எனக்கு மனமில்லை. கேட்டால் எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லுவாங்கள், வீட்டாலை கலை அவளை எண்டு. உனக்கு விளங்காது, ஆனாப் பார், எவ்வளவு எழுதியிருக்கிறாள் பார்!"

நான் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. எழுத்துத் தெரியாதவனின் கண் எழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தெரிந்தவனின் கண் பசித்தவன் மாதிரிக் கடித்துவிடும். கலீனா என்று பெயர். பள்ளிக்கூடமொன்றில் தாதியாக இருந்து இளைப்பாறியவர். முதல் பக்கத்தின் நடுவில் எழுதியிருந்தார்: "கூரை ஏழு இடத்தில் ஒழுகுகிறது. ஏழு இடத்திலும் பாத்திரம் வைத்திருக்கிறேன். வீட்டை ஒப்படைக்கும் நாளில் பாத்திரங்களையும் சேர்த்தே ஒப்படைக்கிறேன், ஏனென்றால் அவை இப்போது கூரையின் பகுதி."

நான் சிரித்துவிட்டேன்.

வாய்விட்டு, நல்ல சத்தமாக. பகிடி விடுகிறவனின் வியாதி இது. இன்னொருவர் நல்ல பகிடி விட்டால் அடக்கமுடியாது. குசினியில் சுகந்தியின் கையிலிருந்து அகப்பை விழுந்த சத்தம் கேட்டது.

ஹைனோ கடிதத்தை மெல்ல இறக்கினார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்டுமில்லை, ஏதோ நினைச்சு..."

"நீ இதை வாசிச்சாய்."

என் சொண்டு எண்ணத் தொடங்கிவிட்டது என்று சுகந்தி பிறகு சொன்னாள். ஹைனோ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு, ஒரு படி, இன்னொரு படி என்று ஏறிப் போனார். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினார்.

6

ஞாயிறும் திங்களும் மேலே ரி.வி. சத்தமே இல்லை. கத்தாத ஹைனோவை நாங்கள் மூன்று வருடத்தில் கேட்டதில்லை. சுகந்தி கடவுச்சீட்டுகளையும் மதுவின் ஊசி அட்டையையும் ஒரு பையில் போட்டு வாசலோரம் வைத்தாள். ரெக்ஸ்டேலில் இருக்கும் என் மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஒரு கிழமை வந்து நிக்கலாமோ மச்சான்?"

"என்ன, சண்டையோ?"

"சிரிச்சுப்போட்டன்."

"திரும்பவுமோ?" என்றான் அவன். காவலரண் சிரிப்பின் கதை தெரிந்தவன்.

மது மட்டும் வழக்கம்போல மேலே போய் வந்தாள். "அப்பா, ஹி இஸ் நொட் மேட். ஹி இஸ் ஜஸ்ற் சிற்றிங்" என்றாள். அது இன்னும் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஹைனோ இறங்கி வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில், மதுவின் கதிரையில் உட்கார்ந்தார். கடிதத்தை எனக்கு முன்னால் தள்ளினார்.

"வாசி."

எங்கே படித்தாய், ஏன் ஒளித்தாய், ஒன்றும் கேட்கவில்லை. நான் ரஷ்யனைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினேன். கடதாசியை மேசையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் கலீனாவை வேலைக்கென்று அனுப்பிவைத்ததால் எஸ்தோனியாவுக்கு வந்தது, கணவர் அங்கேயே இறந்தது, அறுபத்து மூன்று வயதில் மொழிச் சோதனைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வைத்துப் படிப்பது, குடியுரிமை இல்லாததால் கொடுத்திருக்கும் வேற்றாள் கடவுச்சீட்டு. எனக்கு இந்தக் குளிர்காலம் முடியும்வரை தவணை தாருங்கள் என்ற வேண்டுகோள்.

பிறகு இரண்டாம் பக்கத்தில் ஒரு பந்தி வந்தது. கண் முதலில் வாசித்தது, வாய் நின்றுவிட்டது. அதை உங்களுக்கு அப்படியே தருகிறேன்:

"ரி.வி.யில் மொஸ்கோ சொல்கிறது, எங்களைக் காப்பாற்றப்போகிறதாம். அதைச் சொன்ன நாளிலிருந்து கீழ்வீட்டுக்காரி எனக்கு வணக்கம் சொல்வதில்லை. என் மகன் ரஷ்யாவில் இருக்கிறான். நீ ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுது அம்மா, வீட்டால் எழுப்பப் பார்க்கிறார்கள் என்று, மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்வார்கள் என்கிறான். நான் எழுதவில்லை."

இதை வாசித்துக் காட்டினால் ஹைனோவுக்கு எது கேட்கும் என்று எனக்குத் தெரியும். "மொஸ்கோ" கேட்கும், "முறைப்பாடு" கேட்கும். கடைசி இரண்டு சொல் அவர் காதில் விழாது. கிழவிக்கு அன்றோடு வீடு போகும். அதோடு அந்த மொழி தெரிந்த எங்கள் வீடும். கேஸ் அண்ணையின் குரல் எனக்குள் கேட்டது: வெட்டு தம்பி, இதெல்லாம் வேண்டாம், சுத்தமாயிருக்கட்டும்.

வெட்டினேன். முந்தின பந்தியிலிருந்து அடுத்த பந்திக்கு, ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்புகிற மாதிரி, சத்தமில்லாமல் திரும்பினேன். விறகு, கூரை, "உங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன்". முடிந்தது.

ஹைனோ கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார்.

"மொஸ்கோ பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை."

"இந்த வருசம், அந்த ஊரிலை இருந்து, ஒரு ரஷ்யக்காரி எழுதுறாள், மொஸ்கோ எண்ட சொல் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப அவள் பொய்க்காரி" என்று எழும்பினார். "மறைக்கிறாள். மறைக்கிறவளை வீட்டிலை வைச்சிருக்கேலாது."

அழுக்கே இல்லாத கதையை யாரும் நம்புவதில்லை. எங்கள் அகதி விசாரணைகளிலும் மிகச் சுத்தமாக எழுதிக்கொண்டு போனவர்கள்தான் முதலில் தோற்றார்கள். கிழவியைக் காப்பாற்றப் போய் நான் அவரைப் பொய்க்காரியாக்கியிருந்தேன். அவர் எழுதிய கடிதத்தில் பொய் இல்லை. பொய் அதை வாசித்தவனிடம் இருந்தது.

"ஹைனோ" என்றேன். "இருங்கோ. ஒரு பந்தி விட்டிட்டன்."

குசினி வாசலில் சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசித்தேன். இம்முறை ஒரு சொல்லும் விடாமல். "நான் எழுதவில்லை" என்பதை இரண்டு தரம் வாசித்தேன். ஹைனோ நின்றபடியே கேட்டார்.

"ஏன் விட்டனி?"

"பயம்."

"அவளுக்கு என்ன நடக்குமோ எண்டோ?"

"எங்களுக்கும்."

பிறகு எல்லாம் தானாக வந்துவிட்டது. மொஸ்கோ, ஆறு வருடம், அண்ணை, விசாரணை. சிப்பாயின் படம்கூட வந்தது. பெரியவன் என்னைக் காப்பாற்ற வந்ததால் நான் ஊரை விட்டு ஓடிவந்தவன் என்று சொன்னேன். கடைசியில் ஹைனோ ஒன்றுதான் கேட்டார்.

"வெங்காயம்?"

"மாமனார்ரை."

யன்னலால் பின்வளவைப் பார்த்தார். "அதுதானே" என்றார்.

7

மேசையில் இருந்த மதுவின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எனக்கு முன்னால் வைத்தார்.

"எழுது. அவளின்ரை பாசையிலையே எழுது. அந்த முறைப்பாட்டை அவள் எழுதாதவரைக்கும் இருக்கலாம். எழுதின அண்டைக்கு வெளியாலை. அவ்வளவுதான்."

"குளிர் முடியும்வரைக்கும் எண்டுதான் அவ கேட்டவ."

"நான் சொன்னதை எழுது."

படிக்குப் போனவர் திரும்பி நின்றார். "உனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. அதைப் பிறகு சொல்லுறன்."

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான கட்டுரை எழுதியதில்லை. வாயைத் திறக்காதவரை இருக்கலாம் என்ற வாக்கியம் எந்த மொழியிலும் நன்றாக வராது. அதை வாங்கி வாசித்தபின் ஒருவர் எப்படித் தூங்குவார் என்று எனக்குத் தெரியும். வீடு தப்பிவிடும், கூடவே ஒவ்வொரு நாளும் தபால்காரனின் சத்தத்துக்கு எழும்புகிற வேலையும் கிடைத்துவிடும்.

அதனால் கையொப்பத்துக்கு விட்ட இடத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். வெட்டத் தெரிந்தவனுக்கு ஒட்டவும் தெரியும். "இதை எழுதுபவன் இவருடைய வீட்டுக் கீழ்த்தளத்தில் மனைவியோடும் மகளோடும் மூன்று வருடமாக வாடகைக்கு இருப்பவன். கத்துவார். இதுவரை யாரையும் வெளியேற்றவில்லை." ஹைனோவுக்கு ரஷ்ய எழுத்துத் தெரியாது. கையொப்பம் வைத்து, தானே முத்திரை ஒட்டி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். கடிதம் விழுந்த பிறகுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. சுகந்தியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள்.

நிபந்தனை என்னவென்று ஹைனோ சொல்லவில்லை. கிழமைகள் போயின. குப்பை வாளி வைக்கும்போது கண்டால் தலையாட்டுவார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் பிறகு "இப்போது சொல்லப்போகிறார்" என்று நிற்பேன். சொல்லாமல் போய்விடுவார். வாசலோரப் பையைச் சுகந்தி எடுத்து வைக்கவில்லை. அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தோம்.

8

பதில் ஐப்பசியில் வந்தது. ஹைனோ உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேசையில் வைத்து, எனக்கு எதிரே அமர்ந்தார். நான் பிரித்தேன்.

ஒரு பக்கம்தான். நிபந்தனை விளங்கியது, அந்தக் கடிதத்தை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். மகனோடு இப்போது பேச்சு இல்லை. மழை தொடங்கிவிட்டது, பாத்திரம் ஒன்பது. குளிருக்கென்று மூன்று வண்டி விறகு வாங்கி அடுக்கியாயிற்று.

கடைசி வரிக்கு வந்தபோது வாசிப்பதை நிறுத்தினேன். "கீழே இருப்பவருக்கு: உங்கள் மகளுக்கு எத்தனை வயது?"

"அவ்வளவுதானோ?" என்றார் ஹைனோ.

ஓம் என்று ஒரு சொல். சொன்னால் முடிந்தது. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் போன முறை சுத்தம் செய்து கொடுத்த கடிதத்துக்கு அவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதும் ஞாபகத்தில் இருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றேன். வாசித்தேன்.

ஹைனோவின் வெள்ளைப் புருவம் உயர்ந்தது.

"உனக்கு மகள் இருக்கெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். நான் சேர்த்த வரியை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். "கத்துவார்" என்ற இடத்தை மெல்லிய குரலில் சொன்னேன். மெல்லச் சொன்னதால் அது குறைந்த கத்தலாகிவிடவில்லை. ஹைனோ கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தனக்குத் தெரியாத எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எத்தினை வண்டி விறகெண்டு சொன்னவள்?"

"மூண்டு."

"மூண்டு காணாது. அந்த அடுப்பு ஆறு தின்னும். அம்மா ஒரு மாரிக்கு ஆறு வண்டி இறக்குவா." கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "எழுது அதை."

படியேறிப் போய்விட்டார். நிபந்தனையைப் பற்றியோ, நான் ஒட்டிய வரியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் வழியாக ரி.வி. சத்தம் வந்தது. மொஸ்கோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்.

சுகந்தி குசினியிலிருந்து ஓடிவந்தாள். கை ஈரம்.

"என்னவாம்? இருக்கட்டாமோ?"

"ஆர்? அவவோ, நாங்களோ?" என்று கேட்டேன்.